ரெண்டு நூலு, ரெண்டு பலகை, தறி ரெடி!

ஏம்பா, பையனுக்கு டேப்லெட்டு வாங்கிக் குடுத்துட்டியாமே? பலே! வீடியோ கேம் ஆடினா பிள்ளைங்களுக்குச் சொல்வளம் பெருகும்னு உன் ஆபீஸ்ல எவனோ சொன்னானாம், நீயும் அன்னிக்கே தவணையில வாங்கிட்டியாம். நல்ல காரியம். படிப்புச் செலவுக்கு வட்டிக் கணக்கு பாக்கக் கூடாது. உங்கப்பனும் உனக்காக ஒரு இங்கிலீஷ் அகராதி வாங்கினான். அது ரொம்ப நாளா தார் சுத்துற ராட்டை ஆடாம இருக்க அடியில முட்டுக் குடுத்துக்கினு இருந்துச்சு. அதுவும் படிப்புச் செலவுதான்.

உனக்குப் பலன் சீக்கிரமே வந்துடுச்சுப்பா. புரட்டாசி சனிக்கிழமை அன்னிக்கு நான் உன் வீட்டுக்கு வந்தேன் இல்ல? சின்ன காஞ்சிபுரத்துத் தெரு பூரா ஜனம், நெத்தியில நாமம், வாயில கோவிந்தா, வரதராஜரைச் சேவிக்கப் போய்க்கினு இருக்குது. மாடியிலேருந்து உன் பிள்ளை தொண்டை கிழியக் கத்துறான்: "வின்னர் வின்னர் சிக்கன் டின்னர்!" ஒரு மாமி நின்னு அண்ணாந்து பாத்துச்சு. அப்பால என்னைப் பாத்துச்சு. "ஒண்ணும் இல்லம்மா, குழந்தைக்குச் சொல்வளம் பெருகுது"ன்னேன்.

அவன்கிட்ட வேற என்னென்ன சரக்கு இருக்குதுன்னு விசாரிச்சேன். லூட்டு, ஸ்குவாடு, ஹெட்ஷாட்டு, ரிவைவு. துப்பாக்கி வகை மட்டும் மூச்சு விடாம சொல்றான், போலீஸ்காரன் பிச்சை வாங்கணும். குறை சொல்லல. எல்லாம் சொல்லுதான். ஆனா எல்லாம் கத்துற சொல்லு, அதை வெச்சுக்கினு ஒருத்தன்கிட்ட உக்காந்து பேச முடியாது. அவன் ஆடுற அந்தப் பப்ஜிக்கு 2020 செப்டம்பர்ல தடை போட்டாங்க. 2021 ஜூலையில பேரை மாத்திக்கினு பிஜிஎம்ஐனு திரும்பி வந்துடுச்சு. கட்சி மாறி வந்து நிக்கிற ஆளை நாமதான் ஓட்டுப் போட்டு ஏத்துக்குறோமே, இதை மட்டும் விட்டுடுவோமா? காசு கட்டி ஆடுற ரம்மி வகையறாவுக்கு மட்டும் 2025 ஆகஸ்ட்ல டெல்லியில சட்டமே கொண்டாந்து பூட்டிட்டாங்க. அதுல பெருசா ஒரு சொல்லும் வராது, கைமாத்துன்ற ஒண்ணைத் தவிர.

இன்னொரு வகை இருக்குது, படிப்பு ஆப்பு. ஆப்பிள் படம் வரும், ஆப்பிளைத் தொட்டா மணி அடிக்கும், நட்சத்திரம் பறக்கும். மணி எங்க அடிக்கும்னு பிள்ளை நல்லாக் கத்துக்குது. ஆப்பிள் எந்த மரத்துல காய்க்குதுன்னு கேட்டா ஆப்பைத் தொறக்கணும்ன்றான்.

உடனே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. விளையாட்டுல சொல்லு வராதுன்னு உன் பெரியப்பன் எப்போ சொன்னான்? நல்லாவே வரும். மெட்ராஸ்ல படிக்கிற என் பேத்தி ஒரு சங்கதி சொல்லிச்சு. அமெரிக்காவுல ஜேம்ஸ் பால் கீன்னு ஒரு மொழியியல் வாத்தியாராம். சின்னப் பையன் ஒரு கேம் ஆடுறதைப் பாத்து, அவனுக்கு ஒத்தாசை பண்ணலாமேன்னு உக்காந்தவரு, அப்பால தானே பெரிய பெரிய கேமா எடுத்து ஆட ஆரம்பிச்சாரு. ஒரு கேமோட வந்த கையேட்டைப் படிச்சுப் பாத்தா தலையும் புரியல, வாலும் புரியல. கொஞ்ச நாளு ஆடிட்டு அதே கையேட்டை எடுத்தா ஒவ்வொரு சொல்லும் கண்ணாடியாத் தெரியுது. செஞ்சு பாத்த கைக்குத்தான் சொல்லு அர்த்தம் ஆவுதுன்னு 2003ல ஒரு புத்தகமே போட்டாரு. அந்த மனுசன் நேரா நம்ம நெசவுக்காரங்க இருக்குற பிள்ளையார்பாளையத்துக்கு வந்திருந்தா ஒரு டீ செலவுல முடிஞ்சிருக்கும்.

கோர்வைச் சேலை எப்படி நெய்யறாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா? உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். மூணு நாடா ஓடணும், நடுவுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கும் ரெண்டு. நெய்யறவன் ஒருத்தன் கைக்கு அது அடங்காது. அதனால அப்போல்லாம் பக்கத்துல ஒரு பொடியன் உக்காந்து ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளிக்கினே இருப்பான். பாவு, ஊடை, விழுது, அச்சுன்னு யாரும் அவனுக்குப் பாடம் எடுக்கல. "அந்த இழை அறுந்துடுச்சு, முடி போடு"ன்னு ஒரு அதட்டல் வரும். எந்த இழைன்னு தெரியலைன்னா தலையில ஒரு குட்டு. சொல்லுக்கும் கைக்கும் நடுவுல ரோசனைக்கே நேரம் கிடையாது. ருத்திராட்சம், மல்லிமொக்கு, மயில்கண், தாழம்பூ ரேக்கு, பாலும் பழமும் கட்டம், எல்லாம் அவன் பலகையில எழுத்துக் கூட்டுறதுக்கு முன்னாடியே வாயில வந்துடும்.

அதுக்காக "ஆஹா, அந்தக் காலம்"னு கண்ணைத் துடைச்சுக்காதே. அந்தப் பள்ளிக்கூடத்துல சாயங்கால மணியே அடிக்காது. முதலாளிகிட்ட வாங்குன முன்பணத்துக்குப் பிள்ளையைத் தறியில உக்கார வெச்ச வீடுங்க எத்தனையோ. பட்டுத் தறியில கொத்தடிமையா இருக்குற பிள்ளைங்களைப் பத்தி 2003ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஒரு அறிக்கை போட்டுச்சு, அதுல நம்ம காஞ்சிபுரமும் இருக்குது. சொல்லு நிறைய வந்துச்சு, படிப்பு போச்சு, முதுகும் போச்சு. பிள்ளை குளிரா ஒரு ரூம்ல குந்திக்கினு விளையாட்டுல சொல்லு கத்துக்குறான்னா, அது நல்ல காலந்தான். நான் சொல்றது என்னன்னா, அந்தப் பொடியன் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருந்தான். உன் பிள்ளை பக்கத்துல யாருடா இருக்குறா?

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் பத்தி என்ன தெரியும் பெரியப்பா"ன்னு மருமவ முன்னாடி கேட்டே பாரு, அதுக்கும் பதில் சொல்லிடுறேன். பிரான்ஸ் தேசத்துல ஜக்கார்டுன்னு ஒரு நெசவுக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஓட்டை போட்ட அட்டையைக் கோத்து, ஓட்டை இருந்தா இழை ஏறும், இல்லைன்னா ஏறாதுன்னு 1804ல ஒரு பெட்டி கட்டினான். அந்த ரோசனையைக் கடன் வாங்கித்தான் 1830கள்ல இங்கிலாந்துல பாபேஜு தன்னோட கணக்கு எந்திரத்துக்கும் அட்டை போட்டாரு. உன் டேப்லெட்டோட பாட்டன் என் தறியில தலைக்கு மேல தொங்குறான். கொஞ்சம் மரியாதையா பேசு.

சரி, இப்போ உன் பிள்ளை விசயத்துக்கு வர்றேன். துப்பாக்கியை விட்டுட்டு ஒரு நாளு அவன் கட்டம் கட்டமா ஏதோ கட்டிக்கினு இருந்தான். மைன்கிராஃப்டாம். "தாத்தா, நானும் தறி செஞ்சேன் பாரு, லூம்"ன்னான். எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. பாத்தா, ரெண்டு நூலு, ரெண்டு பலகை, அழுத்தினா தறி ரெடி! 2019லேருந்து அந்த கேம்ல தறி இருக்குதாம். பாவு போட வேணாம், பசை தடவ வேணாம், மழைக்காலத்துல நூலு நமத்துப் போவுதேன்னு புலம்ப வேணாம். கூட்டுறவு சங்கத்துல கூலிக்காக நிக்கவும் வேணாம். நூலு எங்கேருந்துடா வந்துச்சுன்னு கேட்டேன். சிலந்தியை அடிச்சா விழுமாம்! நாம பட்டுக்குக் கர்நாடகாவையும் ஜரிகைக்குச் சூரத்தையும் பாத்துக்கினு கெடக்குறோம், பய வீட்டுக் கொல்லையிலேயே முடிச்சுட்டான்.

இதைச் சொல்லும்போது அவன் எங்க உக்காந்திருந்தான் தெரியுமா? உன் சோபாவுல. அந்தச் சோபாவுக்கு அடியிலதான் உங்கப்பனோட தறிக்குழி. மண்ணைப் போட்டு மூடி நீ டைல்ஸ் ஒட்டினியே, அதே எடம்.

நான் அவனுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. ஒண்ணுமே தெரியாத கிழவனாட்டம் வாயைப் பொளந்துக்கினு குந்திட்டேன். "ஏன்டா, சிலந்தி நூலு முறுக்கு தாங்குமா? சாயம் நிக்குமா? இதுல என்ன நெய்வே?" அவனுக்குத் தலைகால் புரியல, பெரிய மனுசன் தன்கிட்ட கேக்குறானேன்னு. கொடி நெய்யலாம் தாத்தா, அதுல பார்டரு போடலாம், பூவு போடலாம், சாயம் இப்படி எடுக்கணும்னு அடுக்கினான். பாதி இங்கிலீஷு, பாதி தமிழு, நடுவுல கையாட்டம். "பார்டருன்னா கரையா?"ன்னு மெதுவா ஒண்ணைப் போட்டேன். "ஆமா, கரை"ன்னு புடிச்சுக்கினான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே கேக்குறான்: "இதுல முந்தானை ஏன் தாத்தா இல்ல?" அட, நான் அந்தச் சொல்லை எடுக்கவே இல்லையே! அவன் பாட்டி சேலை மடிக்கும்போது எப்பவோ காதுல விழுந்து கெடந்தது, வேலைன்னு வந்ததும் எழுந்து வந்து நிக்குது.

இதுதான் வித்தை. பக்கத்துல ஒரு தெரியாதவன் வேணும். தெரிஞ்சவன் உக்காந்தா பிள்ளை வாயை மூடிக்கும். தெரியாதவனுக்கு வெளங்க வைக்கணும்னா அது சொல்லுத் தேடி அலையணும், ஒரு சொல்லு மாட்டலைன்னா வேற சொல்லு, அதுவும் இல்லைன்னா உவமை. எனக்கு இதுக்குக் கொஞ்சம் நடிப்பு தேவைப்பட்டுச்சு. உனக்கு அந்தக் கஷ்டமும் இல்ல, அப்படியே போய் உக்காந்தா போதும்.

ஆனா நீ எங்க உக்காருறே? பிள்ளை ஒரு மூலையில டேப்லெட்டு, நீ ஒரு மூலையில போனு, மருமவ சீரியலு. அனந்தசரஸ் குளத்துத் தண்ணிக்குள்ள படுத்திருக்குற அத்தி வரதராவது 40 வருசத்துக்கு ஒரு தரம் எழுந்து வந்து 48 நாளு ஜனத்துக்கு முகம் காட்டுறாரு, 2019ல பாத்தோமே. நீ போனுக்குள்ள போயி எத்தனை வருசம் ஆவுது, பிள்ளைக்கு எப்போ தரிசனம்?

செய்யணும்னா ஒண்ணு செய். அந்த மைன்கிராஃப்டு, கம்ப்யூட்டர்ல ஓடுற ஜாவா பதிப்பு, அதோட மொழிப் பட்டியல்ல தமிழும் இருக்குதாம். கம்பெனிக்காரன் போட்டது இல்ல, ஆர்வம் உள்ள பிள்ளைங்க சேர்ந்து மொழிபெயர்த்தது. தமிழுக்கு மாத்தி விடு. பய குதிப்பான், ஒண்ணும் புரியலைன்னு. உனக்கும் பாதி புரியாது. இந்தக் கல்லுக்கு இந்தப் பேரு சரியில்ல, இதை நம்ம ஊர்ல இப்படிச் சொல்ல மாட்டோமேன்னு ரெண்டு பேரும் சண்டை போடுங்க. நல்லா உரக்கப் போடுங்க. சிக்கன் டின்னருக்கு அது எவ்வளவோ தேவலாம், மாமியும் கோவிச்சுக்காது.

இன்னொண்ணும் பேத்தி காட்டிச்சு. பேரே "வெண்பா". நம்ம ஆளுங்க கனடாவுல டொராண்டோவுல "விசை"ன்னு ஒரு சின்னக் கம்பெனி வெச்சு, 2023 ஜூலை கடைசியில வெளியிட்டது. 1980கள்ல தமிழ்நாட்டுலேருந்து கனடாவுக்குப் போன புருசன் பொண்டாட்டி, அவங்களுக்கு ஒரு பையன், கவின். ஆட்டம் இன்னான்னா சமையலு. அந்தப் பொம்பளைக்கு அவ அம்மா எழுதிக் குடுத்த சமையல் நோட்டு கிழிஞ்சு, எழுத்து கலைஞ்சு கெடக்குது. காணாம போன வரியை நாம ஊகிச்சுக்கினு சமைக்கணும். முதல்ல இட்லி. ஆவி எப்படி ஏறும்னு ரோசிச்சுத் தட்டை அடுக்கணும், தப்பா அடுக்கினா வேகாது. பேத்தி முதல் தடவை தப்பா அடுக்கிச்சு. எம்பொண்டாட்டி பின்னாலேருந்து எட்டிப் பாத்துட்டு, "இஞ்சினீரிங் படிக்குதாம், இட்லித் தட்டு அடுக்கத் தெரியல"ன்னுச்சு. அன்னிக்கு ராத்திரி சமையக்கட்டுல ஒரே பேச்சு.

இந்த ஆட்டத்துல என் மனசு எங்க நின்னுச்சுன்னா, அந்தப் பையன் கவின் வளர வளர அம்மாகிட்ட தமிழ்ல பேசுறதைக் கொறைச்சுக்கினே வர்றான். இட்லியும் புட்டும் தட்டுல இருக்குது, பேச்சு மட்டும் இல்ல. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சு போற ஆட்டம், 2024ல லண்டன்ல பாஃப்டா விருது, முதல் முயற்சிக்கான பரிசு வாங்கிச்சு. அவங்களாவது கடல் தாண்டிப் போயி தொலைச்சாங்க. நீ காஞ்சிபுரத்துலேயே உக்காந்துக்கினு, கோயில் மணி கேக்குற தூரத்துல, அதே காரியத்தைச் செய்யுறே பாரு, உன் சாமர்த்தியம் யாருக்கு வரும்?

அதனால வர்ற ஞாயித்துக்கிழமை அந்த ஆட்டத்தை ஆடுங்க, முடிச்சுட்டு நேரா சமையக்கட்டுக்குப் போங்க. வெறும் இட்லி வேணாம், நம்ம கோயில் இட்லியே போடுங்க. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய்யி எல்லாம் மாவுல சேரணும். மூங்கில் குடலைக்குள்ள மந்தாரை இலையை வெச்சு மாவை ஊத்தி மணிக்கணக்கா ஆவியில விடுவாங்க வரதராஜர் மடப்பள்ளியில. உன் வீட்டுல குடலைக்கு எங்க போவே, டம்ளர்ல ஊத்து, ஒண்ணும் குத்தம் இல்ல. மந்தாரை இலை எங்க கெடைக்கும், குடலைன்னா என்ன, சுக்குக்கும் இஞ்சிக்கும் என்ன உறவுன்னு பய கேப்பான். உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்லிட்டு, அவனைக் கூட்டிக்கினு மார்க்கெட்டுல விசாரி.

வெந்தப்புறம் இட்லியில ரெண்டு துண்டு கட்டிக்கினு இங்க வாங்க. நெய்யி தாராளமா இருக்கட்டும், உங்க பெரியம்மாவுக்குத் தெரிய வேணாம். டேப்லெட்டையும் மறக்காம எடுத்துக்கினு வரச் சொல்லு. அந்தச் சிலந்தியை மொத்தம் எத்தனை அடி அடிக்கணும்னு பய இன்னும் எனக்கு ஒழுங்கா வெளங்க வைக்கல.