குடித்தால் பயம் போகுமா?

கே: மேடை ஏறினாலே கை நடுங்கும். ஒரு பீர் அடித்துவிட்டுப் போனால் தைரியமாகப் பேசுகிறேன். இதில் என்ன தப்பு? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: தைரியம் வருவது உண்மை. தங்காது என்பதும் உண்மை. மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் காபா, முடுக்கிவிடுவது குளுட்டமேட். மது முதலாவதற்குத் துணைபோய், இரண்டாவதை அடக்குகிறது. அடிக்கடி குடித்தால் மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும்: காபா சொல்வதற்குக் காது கொடுப்பதைக் குறைத்து, குளுட்டமேட்டின் கையை ஓங்கவிடும். மது இறங்கியதும் அடக்க ஆளில்லை. அச்சத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில் மன அழுத்தத்தைத் தூண்டும் வேதிப்பொருட்களும் பெருகும். நீங்கள் ஒத்திவைத்த பயம் வட்டியோடு வந்து நிற்கும்.

கே: மறுநாள் படபடப்புக்கு ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் ரூம்மேட். (விடுதி மாணவர், கோவை)

ப: அப்போதைக்குச் சரியாகும். அடிமைத்தனம் தொடங்குவது அந்த இடத்தில்தான். அந்தக் கட்டிங் வேண்டாம்.

கே: எலுமிச்சைச் சாறு, மோர் குடித்தால் போதை தெளியுமா?

ப: தாகம் தீரும். மதுவைக் கரைப்பது ஈரல். அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

கே: 17 வயது மகன் நண்பர்களோடு குடித்துவிட்டு வந்தான். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். “இள ரத்தம், உடம்பு தாங்குது” என்கிறார் அவன் அப்பா. (ஒரு தாய், கோவில்பட்டி)

ப: தாங்கவில்லை அம்மா, வெளியே காட்டவில்லை. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஸ்பியர் குழுவினர் எலிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே அளவு மதுவில் வளர்ந்த எலி தள்ளாடித் தூங்கிவிடும். இளம் எலி தெம்பாக நடமாடும். போதை இறங்கியபின் வரும் பதற்றமும் இளம் எலிக்குக் குறைவு. ‘போதும்’ என்று உடம்பு சொல்லும் குரல் அந்த வயதில் சரியாகக் கேட்பதில்லை. பையன்கள் அளவு மீறுவதற்கு அது ஒரு காரணம்.

பாதிப்பு பின்னால் வரும். சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சுபாஷ் பாண்டே குழு, இளம் எலிகளுக்கு இரண்டு நாள் மது, இரண்டு நாள் ஓய்வு என்று இரண்டே வாரம் கொடுத்து நிறுத்தியது. அவை வளர்ந்தபின் சோதித்தபோது பதற்றம் கூடியிருந்தது. கிடைத்த மதுவையும் அதிகமாகக் குடித்தன. அமிக்டலாவில் ‘ஆர்க்’ என்ற மரபணுவின் செயல்பாடு குறைந்திருந்தது. 2022-இல் மரபணுத் திருத்தக் கருவியால் அந்த மரபணுவை மீண்டும் முடுக்கியதும் பதற்றம் தணிந்தது, குடியும் குறைந்தது. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. நிதானிக்கவும் யோசிக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். உங்கள் மகனுக்கு 17தான். அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கே: வீட்டு விசேஷத்தில் மாமா என் 15 வயதுத் தம்பிக்கு ‘ஒரு வாய்’ ஊற்றிக் கொடுத்தார். (வாசகி, தஞ்சாவூர்)

ப: பாசத்தில் செய்திருப்பார். ஆனால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 1990-களில் அமெரிக்காவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்வில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதைத் தாண்டித் தொடங்கியவர்களில் அது 10 சதவீதம்தான். மாமாவிடம் சட்டத்தைவிட இந்தக் கணக்கை முதலில் சொல்லுங்கள்.

கே: என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். இப்போது கல்லூரியில் குடிக்கிறாள் என்று தெரிகிறது. எதற்கு முதலில் வைத்தியம்? (ஒரு தந்தை, சேலம்)

ப: இரண்டுக்கும் சேர்த்து. பயத்தை அடக்கக் குடிக்கிறவர்கள் ஏராளம். குடி மட்டும் நின்று பயம் அப்படியே இருந்தால் பாட்டில் திரும்பி வரும். பயத்துக்கு நல்ல மனநல சிகிச்சை இருக்கிறது. திட்டாமல் கூட்டிப் போங்கள். திட்டினால் குடியை மறைப்பாள், விடமாட்டாள்.

கே: தினமும் குடிக்கும் தம்பியை நான்கு நாள் அறையில் பூட்டி வைத்து நிறுத்திவிடலாமா? (அண்ணன், திருநெல்வேலி)

ப: கூடவே கூடாது. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் நினைவு தடுமாறி, இல்லாதவை கண்ணில் தெரியலாம். உயிரே போகலாம். திரும்பத் திரும்ப நிறுத்தித் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமாகலாம். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இன்றே அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் பேசுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.