ஏர்கான் ஆள் இலக்கணம்: நூற்பாவும் உரையும்

ஏணியும் பையும் ஏறும் துணிவும்
உடையோன் ஏர்கான் ஆளெனப் படுமே.

இயற்றியவர் இக்கட்டுரையாளரே; ஆதலால் பாடபேதம் இல்லை.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், சிங்கப்பூரில் குளிர்சாதனத் தொழில் நடத்துவோர் புது ஆள் எடுக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. சூடேற்றும் தொழிலை விட்டது என்னை? இத்தீவில் அதைச் சூரியன் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளுதலின் என்க.

1959இல் பிரதமரான லீ குவான் யூ, அரசு அலுவலகங்களுக்கு ஏர்கான் போட்டதே தாம் முதலில் செய்த காரியம் என்று பின்னாளில் சொன்னார். போட்டார், சரி. கழுவுவது யார்? ஆய்வு இங்கே தொடங்குகிறது.

'பை' என்றது ஸ்பேனர் பையை என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. புளோயருக்கு அடியில் கட்டும் பிளாஸ்டிக் பையே ஈண்டுப் பை. பம்ப்பை அடித்ததும் இறங்கும் கறுப்புத் தண்ணீர் அதன் வழியே வாளிக்குப் போக வேண்டும். சோபாவில் ஒரு சொட்டு விழுந்தாலும் வீட்டம்மா முதலாளிக்குப் போன் போட்டுவிடுவார். ஏணியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது எப்போதும் அடுத்த வேனில் இருக்கும்.

ஞாயிறு மாலை தேக்காவில், பஃபலோ ரோட்டில், கால் வைக்க இடமில்லாமல் தமிழர் நிற்கிறார்களே, ஆளுக்கா பஞ்சம் என்று கேட்பார் உளர். அவர் வொர்க் பர்மிட் விதி அறியாதார். புதுக்கோட்டைத் தம்பி ஊரில் ஸ்கில் டெஸ்ட் அடித்து, கட்டுமானத் துறை பர்மிட்டில் வந்து, புதுக் கட்டடத்தில் ஏர்கான் டக்ட் மாட்டலாம். கழுவும் கம்பெனி சேவைத் துறையில் இருந்தால் அவரை வொர்க் பர்மிட்டில் எடுக்க வழியில்லை. இந்திய உணவகச் சமையல்காரர் போன்ற சில வேலைகளுக்கே விலக்கு. கழுவ, மலேசியரான ஜொகூர்த் தமிழர் வரலாம்; விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிறார். அவரும் அளவாகத்தான் வரலாம்: சேவைத் துறையில் மொத்த ஆட்களில் வொர்க் பர்மிட்டில் வரும் வெளிநாட்டார் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக, தமிழர் மாட்டுதற்குரியார், கழுவுதற்குரியார் என இருவகைப்படுவர். இப்பகுப்பு தொல்காப்பியருக்குத் தெரியாது. மனிதவள அமைச்சுக்குத் தெரியும்.

புறனடை: சிங்கப்பூர் ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம் அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளம் என்பது சட்டம். ஊரில் உள்ள ஏஜென்ட் அந்நூலைப் பாடம் கேட்டவர் அல்லர்.

இனி நேர்காணல். 'என்ன வேலை தெரியும்' என்பது அதில் முதற்கேள்வி அன்று. எடுத்துக்காட்டு வருமாறு:

"எந்த ஊரு தம்பி?"

"ஜொகூர்ல ஸ்கூடாய், போஸ்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. கம்ப்ரஸரின் இருமலை வைத்தே நோய் சொல்லும் ஆளாயிருந்தாலும் பிறந்த ஊர் பொருந்தாவிட்டால் அம்முகம் இப்படி மலர்வதில்லை.

"கிளாஸ் 3 லைசென்ஸ்?"

"இருக்கு, போஸ்."

மேலும் மலர்ந்தது. விளம்பரத்தில் டெக்னீஷியன் என்று போட்டாலும் தேடுவது பெரும்பாலும் டிரைவரை என்பது துணிபு.

"உயரத்துல ஏறுவியா? பயமில்லையே?"

"ஏறுவேன். நம்ம வேன்ல ஏர்கான் ஓடுதா, போஸ்?"

"அதைப் பார்க்கத்தான்பா ஒரு ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார் முதலாளி.