மூலமும் மௌனமும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

இவ்வாய்வுக்கான முதன்மைச் சான்றுகள் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களில் திரட்டப்பட்டன. மூலம், பௌத்திரம் ஆகியவற்றை ஆபரேஷன் இல்லாமல் குணமாக்குவதாக உறுதியளிக்கும் அந்த நோட்டீஸ்களைப் படிக்காத ஆண்மகன் தமிழ்நாட்டில் இல்லை. படித்ததாக ஒப்புக்கொண்டவரும் இல்லை. வந்த வேலை முடிந்த பிறகும் ஒருவர் சுவரைப் பார்த்தபடி நின்றால், போன் நம்பரை மனப்பாடம் செய்கிறார் என்று கொள்க.

மனிதர்களை மூலம் உள்ளோர், இல்லாதோர் எனப் பிரிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆசனவாயின் உட்புறத்தில் இரத்த நாளங்கள் செறிந்த மெத்தைகள் பிறவியிலேயே எல்லோருக்கும் உண்டு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கியவரைக் கடிகாரமாகக் கொண்டால் பெரும்பாலும் 3, 7, 11 மணி இருக்கும் இடங்களில் அவை இருக்கும். காற்றும் நீரும் சபை நடுவே கசிந்துவிடாமல் அடைத்துப் பிடிப்பது அவற்றின் உத்தியோகம். மலச்சிக்கலில் முக்கி முக்கிப் பிடிமானம் தளர்ந்து, வீங்கிச் சரியும்போதுதான் அது நோய். ஆக, ‘எனக்கு அதெல்லாம் கிடையாது’ என்று மார்தட்டுபவருக்கும் மூலதனம் உள்ளேதான் இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் யூகிமுனி மூலத்தை 21 வகையாகப் பகுத்தார். கோலிகர் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் முறையில் நான்கே படிகள்தாம் (வெள்ளைக்காரரின் சிக்கனம்). முதற்படியில் இரத்தம் மட்டும் வரும். இரண்டாவதில் வெளியே தள்ளி, தானே உள்ளே போகும். மூன்றாவதில் கையால் தள்ள வேண்டும். நான்காவதில் தள்ளினாலும் போகாது.

இருவரும் நோயைப் பகுத்தார்களே தவிர, நோயாளியின் மௌனத்தைப் பகுக்கவில்லை. அதற்கும் நான்கு படிகள் உண்டு என்பதே எமது கண்டுபிடிப்பு. முதலில் அவர் தன்னிடமே சொல்லிக்கொள்வதில்லை. நேற்றுச் சாப்பிட்ட பீட்ரூட்டின் மேல் பழி போடுகிறார். அடுத்து மனைவியிடம் ‘உடம்புச் சூடு’ என்கிறார். மறுநாள் முதல் வீட்டில் மோர். மூன்றாவதில் மெடிக்கல் ஷாப்பில் பெண்கள் நகரும்வரை காத்திருந்து, ‘என் பிரெண்டுக்கு ஒரு ஆயின்மென்ட்’ என்கிறார். கடைக்காரர் அந்த நண்பரின் நலத்தை விசாரிப்பதில்லை. நான்காம் படியைப் பிறகு பார்ப்போம்.

மூலத்தின் காரணங்களுள் நார்ச்சத்தில்லாச் சாப்பாடு, கர்ப்பம், நெடுநேரம் உட்காருதல் ஆகியவை பழையவை. புதியது போன். பாஸ்டனில் 125 பேரிடம் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், கழிப்பறைக்குப் போன் கொண்டுசெல்வோருக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் தினத்தந்தியோடு உள்ளே போனவர்களும் உண்டுதான். ஆனால் அதில் வரும் கன்னித்தீவு படக்கதை அன்றன்றைக்குச் சில கட்டங்களில் நின்றுவிடும், ரீல்ஸ் நிற்பதில்லை.

சிகிச்சையோ, ஆய்வாளரை ஏமாற்றமடையச் செய்யும் அளவுக்கு எளியது. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து, போதுமான தண்ணீர், முக்காமை, பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருதல். தொடக்க நிலையில் பலருக்கு இதுவே போதும். அடங்காவிட்டால் மருத்துவர் மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் மாட்டுவார். இரத்தம் போகாமல் அது வாடி, ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். வளையம் மாட்டும் அந்த உட்பகுதியில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால் கத்தியளவு பயம் வேண்டியதில்லை. வேடிக்கையல்லாத ஒரு குறிப்பு: இரத்தம் வந்தாலே மூலம்தான் என்று தானே தீர்ப்பெழுதக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம். சுவர் நோட்டீஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இனி நான்காம் படி. இது குணமான பின்னரே வாய்க்கிறது. மூன்று வருஷம் மூச்சு விடாதவர், கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாதவரின் பக்கத்தில் அமர்கிறார். கருணைக்கிழங்கு மசியல் வருகிறது. ‘இவருக்கு இன்னொரு கரண்டி போடுப்பா’ என்கிறார். பிறகு, பாயசம் வரும் வரைக்கும், தமக்கு எத்தனை மணியில் வளையம் போட்டார்கள் என்பதை விரலால் இலையில் வரைந்து காட்டுகிறார்.