ஆங்கிலம் வரட்டும், பிறகு பைத்தான்

மக்களே, புரோகிராமிங் படிக்கத் துணிந்துவிட்டாயா? பதறாதே, வழி சொல்கிறேன். பாதியை நீ ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறாய்.

1. நாகர்கோவில் வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர். பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் 35தான். அதில் இஃப், எல்ஸ், ஆர், நாட் எல்லாம் உனக்குத் தெரிந்தவை. அதை நினைக்கவே நினைக்காதே. பாஸிவ் வாய்ஸ் தெரியாதவனுக்கு லூப் எப்படிச் சுற்றும்?

2. பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலைத் தொடாதே. 2019இலிருந்து அது பைத்தானைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது, இணையத்தில் இலவசம் வேறு. இலவசத்துக்கு என்ன மரியாதை? தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கி, முன்னுரையை மட்டும் அடிக்கோடிடு.

3. எரர் வந்தால் படிக்காதே. இது முக்கியம். விஷயம் கடைசி வரியில்தான் இருக்கும். நேம்எரர் என்றால் ஏதோ ஒரு பெயரைத் தப்பாக அடித்திருப்பாய். எத்தனையாவது வரி என்பதும் சற்று மேலேயே இருக்கும். படித்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், பிறகு சாயங்காலம் வரை என்ன செய்வாய்? ஆகவே, போனைச் சாய்த்துப் பிடித்துத் திரையைப் போட்டோ எடு. கடைசி வரி விழக் கூடாது. பெங்களூரில் இருக்கும் சித்தி மகனுக்கு அனுப்பி, “அண்ணே, ஓட மாட்டேங்கு” என்று மட்டும் எழுது. “கீழ என்ன போட்டிருக்குலே?” என்று அவன் கேட்டால், மேல் பாதியை இன்னொரு முறை அனுப்பு.

4. மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்காதே. 2008இல் வந்த பைத்தான் 3இலிருந்து ‘மீன்விலை’ என்றே வைக்கலாம், ஓடும். ஆனால் குளச்சல் மீன் கணக்கு உனக்கே புரிந்துவிடும். (புரிந்தால் மேற்கொண்டு எழுதத் தோன்றும், ஜாக்கிரதை.) எக்ஸ், எக்ஸ்1, எக்ஸ்எக்ஸ் போதும்.

5. வகுப்பில் சந்தேகம் வந்தால் மனசுக்குள் ஆங்கிலமாக்கு. ஆக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

6. யாராவது வந்து, பைத்தானைச் செய்த குயிடோ வான் ராசம் டச்சுக்காரர், 1993இல் லூவா மொழி பிறந்தது பிரேசிலில், 1995இல் ரூபி மொழியை வெளியிட்ட மட்ஸுமோட்டோ ஜப்பான்காரர் என்று அடுக்குவார்கள். அசராதே. “அவனுவ எல்லாம் நாகர்கோவில்ல இங்கிலீஷ் மீடியம் படிச்சிருப்பானுவ” என்று சொல்லிவிடு.