சும்மா கொடுத்தால் சந்தேகம்

மலேசியாவின் கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டம் இன்னும் கொழுந்து கொடுக்கிறது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே ஓய்வு கொடுத்தாயிற்று. பாதுகாப்பு நீடிக்க வேண்டுமானால், நிறுவனங்கள் முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர் கட்ட வேண்டும். தேயிலைச் செடிக்கு இப்படி யாரும் ஓலை அனுப்பியதில்லை.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். வேறொரு சின்னத் தோட்டத்து ஆபீஸ் கணினியில் அது கிடையாது. கொழுந்து நிறுவைக் கணக்கு ஏறுகிறது, சம்பளச் சீட்டு அச்சாகிறது. இருந்தாலும் அந்தக் கணினி பழைய இரும்பாம். லினக்ஸ் போடலாம், காசு வேண்டாம் என்றால் கணக்கெழுதும் கிராணியின் முகம் சுருங்குகிறது: "சும்மா கொடுக்கிறானா? அப்ப என்னமோ இருக்கு தம்பி!"

மலேசிய அரசு, லினக்ஸ் போன்ற திறமூல மென்பொருளுக்கு 2004-லேயே பெருந்திட்டம் போட்டது. அந்தப் பேச்சு கேமரன் மலையின் தானா ராத்தா ஊருக்கு வந்து சேருமுன்பே மலையேறிவிட்டது போலும்.

கடைசியில் கிராணி இறங்கி வந்தார், நிபந்தனைகளோடு: "பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கணும். மேனேஜர்கிட்ட இலவசம்னு சொல்லிடாதீங்க, நம்ப மாட்டார். எதுக்கும் ஒரு பில் போட்டுடுங்க."