தூரிகை நிர்ணயம்: ஒரு சாஸ்திர விசாரணை

கணினித் திரையிலே கைவீச்சாகச் சித்திரம் எழுதுகிறவர்கள், எந்தத் தூரிகையை எந்தப் பருமனில் எந்த அமைப்போடு எடுத்துக்கொள்வது என்று ஆராய்வதில் கழிக்கும் பொழுது, சித்திரம் எழுதுவதில் கழிக்கும் பொழுதைவிட மிகுதி என்பது, அவர்களோடு ஒரே வீட்டில் வசிப்போர் அனைவரும் பிரத்தியட்சமாகக் கண்ட உண்மை. இதைச் சோம்பல் என்று கூறுவாரும் உளர். ஆனால் இலக்கணம் கற்கிறவனைப் பார்த்து, நீ ஏன் இன்னும் ஒரு காவியம் இயற்றவில்லை என்று எவரும் கடிந்துகொள்வதில்லை. அவ்வாறிருக்க, தனக்கென்று பிரமாணமும் பூர்வபட்சமும் சித்தாந்தமும் வாய்ந்த ஒரு சாஸ்திரத்தில் ஆழ்ந்து கிடப்பவனை மட்டும் ‘படம் எங்கே?’ என்று கேட்பது நியாயமாகாது. அச்சாஸ்திரத்தின் எல்லைகளை ஒருவாறு வரையறுக்க முயல்வோம்.

முதலில் ஆகமப் பிரமாணம். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், கன்றின் காது மயிரை அரக்கினால் கோலில் பொருத்தித் தூரிகை செய்யும் விதத்தைச் சொல்லி, பருமன், நடுத்தரம், நுண்மை என்னும் மூன்று வகையோடு திருப்தியடைந்து விடுகிறது. விஷ்ணு தர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதியோ, நிழலிடுதலை இலை நரம்புபோல் கோடிட்டுச் செய்யும் பத்திரஜம், மிக நுண்ணிதாகப் படரவிடும் ஐரிகம், புள்ளிகளால் ஆக்கும் பிந்துஜம் என மூன்றாகப் பகுக்கிறது. கே.டி.ஈ. சமூகத்தார் விலையின்றி வழங்கும் கிரிட்டா என்னும் செயலியைத் திறந்து பார்ப்பவர், அங்கே ஹாச்சிங், ஏர்பிரஷ், ஸ்ப்ரே என்று இம்மூன்றும் மறுபிறவி எடுத்து வரிசையாக நிற்பதைக் காணலாம். இதைக் கொண்டு, நம் முன்னோர் கிரிட்டாவை அறிந்திருந்தனர் என்று சாதிக்க எனக்கும் ஆசைதான். ஆயினும் அத்தகைய திருப்பணிக்கு நாட்டில் ஆள் பஞ்சம் இல்லாமையால் மேலே செல்கிறேன்.

மூன்றாக இருந்தது எவ்வாறு பெருகியது என்னும் சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1963-இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டுக் காட்டினார். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் ஆக்கிய சூப்பர்பெயின்ட் அக்கோட்டுக்கு வர்ணம் சேர்த்தது. 1991-இல் வெளிவந்த பெயின்ட்டர் என்னும் செயலி, எண்ணெய், கரி, சுண்ணம் முதலானவற்றின் குணங்களைப் போலி செய்ததோடு நில்லாமல், வர்ண டப்பாவிலேயே அடைத்தும் விற்கப்பட்டது. இன்று கிரிட்டா நூற்றுக்கு மேற்பட்ட தூரிகைகளைத் தொடக்கத்திலேயே தந்துவிடுகிறது. அவை போதாவென்று மேலும் சில தொகுதிகளை இறக்கிக்கொள்ளாத ஓவியரைக் காண்பது அரிது. கைல் வெப்ஸ்டர் என்னும் ஓவியர் ஆக்கிய தூரிகைத் தொகுதிகளை 2017-இல் அடோபி நிறுவனம் விலை கொடுத்து வாங்கித் தன் சந்தாதாரர்களுக்கெல்லாம் திறந்துவிட்டதிலிருந்து, தேர்வு செய்ய வேண்டியவை பெருகினவேயன்றித் தேர்ந்தோர் தொகை பெருகியதாகத் தெரியவில்லை.

இனி வஸ்து விசாரணை. திரையில் கோடு என்று ஒரு வஸ்து உண்டா என்றால், இல்லை. எழுதுகோல் நகர நகரச் செயலியானது தூரிகை முனையின் அச்சை ஒன்றையடுத்து ஒன்றாகப் பதித்துக்கொண்டே போகிறது. அவ்வச்சுகளின் நெருக்கத்தையே நாம் கோடென்று மயங்குகிறோம். கணந்தோறும் தோன்றி அழிவனவற்றின் தொடர்ச்சியே நிலைத்த பொருள்போலத் தோன்றுகிறது என்று பௌத்தர்கள் வாதித்த கணபங்கவாதம், எத்தனையோ நூற்றாண்டு கண்டனங்களுக்குப் பிறகு, ஸ்பேசிங் என்னும் அமைப்பிலே எதிர்ப்பின்றி ஸ்தாபிக்கப்பட்டிருக்கிறது. ஐயமுறுவோர் அவ்வமைப்பை முனையின் விட்டத்தில் 100 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்திப் பார்க்கட்டும். கோடு மணிமணியாகப் பிரிந்து தன் சுயரூபத்தைக் காட்டும். மறுபுறம், 300 பிக்சல் அகலமுள்ள தூரிகையில் இதனை 1 விழுக்காடாகத் தாழ்த்துகிறவர், மூன்று பிக்சலுக்கு ஒரு முறை பெரிய அச்சு ஒன்றைப் பதிக்கும்படி கணினிக்குக் கட்டளையிடுகிறார் என்பதை அறிதல் வேண்டும். அதன் பின் கோடு கையைத் தொடர்ந்து வருவதற்குள் ஒரு வாய் காபி குடிக்கலாம்.

இந்த அச்சுத் தொடரை உணராதவர்க்கு, ஒபாசிட்டி, ஃப்ளோ என்னும் இரண்டின் பேதம் ஒருநாளும் விளங்காது. இச்சாஸ்திரத்தில் மாணாக்கர் மிகுதியாக இடறி விழும் இடமும் இதுவே. ஒபாசிட்டி என்பது, கோலைத் திரையினின்றும் எடுக்கும் வரையில், ஒரு வீச்சில் எவ்வளவு வர்ணம் ஏறலாம் என்பதற்கு மேல்வரம்பு. ஃப்ளோ என்பது ஒவ்வோர் அச்சும் தன் பங்குக்கு இடும் வர்ணத்தின் அளவு. ஸ்பேசிங் 10 விழுக்காடு, ஃப்ளோ 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், கோட்டின் நடுவிலுள்ள ஒரு புள்ளியின்மேல் பத்து அச்சுகள் விழுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கு முன் எஞ்சிய வெண்மையில் பத்தில் ஒன்பது பங்கை விட்டுவைப்பதால், முடிவில் ஏறும் வர்ணம் ஏறக்குறைய 65 விழுக்காடு. ஃப்ளோவைத் தொடாமல் ஸ்பேசிங்கை மட்டும் 5 விழுக்காடாகக் குறைத்தால், அச்சுகள் இருபதாகி, வர்ணம் 88 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இக்கணக்கை அறியாதவர், வழவழப்பான கோடு வேண்டுமென்று ஸ்பேசிங்கைக் குறைத்துவிட்டு, வர்ணம் ஏன் திடீரென்று கறுத்தது என்று திகைத்து, எழுதுபலகையைக் குறை கூறுவார். பழுதற்ற பலகைகள் பல இவ்விதம் வீண் பழி சுமந்திருக்கின்றன. ஒபாசிட்டியை 40-இல் நிறுத்திக் கோலை எடுக்காமல் எத்தனை முறை தேய்த்தாலும் பரப்பு ஒரே சீராக இருக்கும். எடுத்து மீண்டும் வைத்தால், மேற்படிந்த இடம் ஒட்டுத் தையல்போல் தனித்துத் தெரியும். ஆகவே மெல்லிய பூச்சுக்கு ஒபாசிட்டியும், தேய்த்துத் தேய்த்து உருவம் திரட்டுவதற்கு ஃப்ளோவும் உரியன. கிரிட்டாவில் வாஷ் என்னும் முறையை விட்டு பில்ட் அப் என்பதைத் தேர்ந்தவர்க்கு மேற்கூறிய வரம்பே இல்லாமற் போகும். அவர்கள் இப்பத்தியை மறந்துவிடலாம்.

அடுத்தது கைநடுக்கம். அதனைச் செயலியே திருத்திக் கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசர் என்னும் அமைப்பின் விஷயத்தில் ஓவியர் இரு சம்பிரதாயத்தாராகப் பிரிந்து நிற்பது, வைணவம் அறிந்தார்க்குப் புதிதன்று. குட்டிக்குரங்கு தன் முயற்சியால் தாயைப் பற்றிக்கொள்வதுபோல், கோட்டின் நேர்மைக்குக் கையே பொறுப்பென்று ஸ்டெபிலைசரை அணைத்து வைப்போர் வடகலைக்குரிய மர்க்கட நியாயத்தார். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல், செயலியே தம் கோட்டைக் கரைசேர்க்கட்டும் என்று அதனை உச்சத்தில் வைப்போர் தென்கலைக்குரிய மார்ஜார நியாயத்தார். என் அபிப்பிராயத்தில், இச்சண்டை வேலையின் தன்மையை மறந்ததால் எழுந்தது. ஸ்டெபிலைசர் மிகுந்தால் கோடு கைக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருவதோடு, வேகமாகத் திருப்பிய முனைகளெல்லாம் மழுங்கி உருண்டுவிடும். முதல் வரைவின் துடிப்பு அங்கேயே மாண்டுபோகும். ஆகையால் முதல் வரைவில் வடகலையாகவும், மை வரம்பு இடும்போது தென்கலையாகவும் ஒருவனே இருந்துகொள்ளலாம். சித்திரத்தில் இதற்குத் தடையில்லை.

இங்கே பூர்வபட்சி எழுந்து ஓர் ஆட்சேபம் செய்கிறான். 2009 ஜூன் 1-ஆம் தேதியிட்ட நியூ யார்க்கர் பத்திரிகையின் அட்டைப் படத்தை ஜோர்ஜ் கொலம்போ என்பவர் ஐபோனில், பிரஷஸ் என்னும் சிறு செயலியில், விரலாலேயே எழுதினார். அதே காலத்தில் டேவிட் ஹாக்னியும் அச்செயலியில் விரலால் பூக்களை எழுதி நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கண்ணாடியோ அழுத்தத்தை அறியாதது. ஆகவே தூரிகைச் சாஸ்திரம் வீண் என்பது அவன் வாதம். கேட்பதற்கு இது வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்விருவரும் தூரிகையைத் தேராதவர்கள் அல்லர். தேர்வதற்கு மிகச் சிலவே உள்ள இடத்தைத் தேர்ந்துகொண்டவர்கள். அதுவும் ஒரு நிர்ணயமே.

இனிச் சித்தாந்தம். தூரிகையின் முனையில் உள்ள கரித்துகளும் மயிர்க்கீற்றும் துணி இழையும் நாமரூபங்கள்; ஒரு தூரிகையை மற்றொன்றினின்று உண்மையாகப் பிரிப்பது, கையின் அழுத்தம் அதில் எதை ஆள்கிறது என்பது ஒன்றே. அழுத்தம் பருமனை ஆண்டால் அது கோட்டுத் தூரிகை. ஃப்ளோவையோ ஒபாசிட்டியையோ ஆண்டால் வர்ணத் தூரிகை. முன்பே கிடக்கும் வர்ணத்தை எவ்வளவு இழுத்துக் கலப்பது என்பதை ஆண்டால் கலப்புத் தூரிகை. நூற்றுக்கு மேற்பட்ட தூரிகைகளில் பெரும்பாலானவை, தோலை உரித்துப் பார்த்தால், இம்மூன்றில் ஒன்றாகவோ இரண்டன் கூட்டாகவோ முடிந்துபோவதைக் காணலாம். எனவே புதிய தூரிகை ஒன்றைச் சோதிப்பவர், அதனால் மரமும் மேகமும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. மெல்லத் தொடங்கி அழுத்தி முடியும் ஒரு நீண்ட வீச்சு, கோலை எடுக்காத ஒரு கிறுக்கல், எடுத்து வைத்த இரு பூச்சுகளின் சந்தி ஆகிய இவ்வளவே போதும். அதன் குலமும் கோத்திரமும் வெளிப்பட்டுவிடும்.

அழுத்தத்தை அளக்கும் படிகள் ஒரு காலத்தில் 256 என்றிருந்து, இன்று 8192 என்றும் அதற்கு மேலும் விளம்பரம் செய்யப்படுகின்றன. அவ்வளவு பேதத்தையும் அறியும் மணிக்கட்டை எவரும் பெற்றிருப்பதாக நான் நம்பவில்லை. அந்த எண்ணைவிட அழுத்த வளைகோடு பன்மடங்கு பயனுள்ளது: அழுத்தி எழுதும் பழக்கமுள்ளவர் அதனைக் கீழ்நோக்கி வளைத்தால், முழு அழுத்தம் வரையில் வர்ணம் நிதானமாக ஏறும்; மெல்லிய கையினர் மேல்நோக்கி வளைத்துக்கொண்டால் விரல் நோகாது. கடை விற்ற கோலை உடையவனின் கோலாக ஆக்குவது இவ்வொரு வளைவே. பெரும்பாலோர் இதைத் திறந்து பார்ப்பதும் இல்லை.

எஞ்சியது பருமன். மனம் விரும்புவதைவிட ஒரு மடங்கு பெரிய தூரிகையை, கெட்டியான விளிம்போடு எடுத்துக்கொள்க. விளிம்பு மிருதுவான ஏர்பிரஷ் தொடக்கக்காரரை முதலில் மகிழ்வித்து, பின்னர் மூக்கையும் கன்னத்தையும் ஒரே புகையில் ஆழ்த்திவிடும். அழிப்பான்களைப் பற்றியும் ஓர் அதிகாரம் எழுத எண்ணியிருந்தேன். கிரிட்டாவில் ஈ (E) என்னும் விசையைத் தட்டிய மாத்திரத்தில் கையிலுள்ள தூரிகையே, அதே முனையும் அதே அழுத்தமும் கொண்ட அழிப்பானாகிவிடுவதால், அவ்வதிகாரத்துக்கு வேலையில்லாமற் போயிற்று.