பதிவேட்டுத் தண்ணீருக்கு ஓர் இணைப்பு

அனுப்புநர்:
கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்காரன்.

பெறுநர்:
கிராம ஊராட்சி அலுவலகம் (பூட்டியிருந்தால், எதிரே உள்ள டீக்கடை).

பொருள்: குடிநீர் – பதிவேட்டில் ஓடும் தண்ணீருக்கு வீட்டு இணைப்பு கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஊராட்சியின் குளோரின் பதிவேடு. 2. மேல்நிலைத் தொட்டியில் பெயின்டால் எழுதியுள்ள தேதி.

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பார்வை 1-இல் கண்ட பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் பேறு, மார்ச் 22 உலகத் தண்ணீர் தின கிராம சபையில் எனக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்களை 2022-இல் அரசு ஆறாக்கி, தண்ணீருக்கென்றே ஒரு நாளை ஒதுக்கியதன் பயன் அன்றுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட முண்டிக்கொண்டிருந்த நேரம், மேசை ஓரம் கிடந்த நோட்டை எடுத்தேன். என்ன தண்ணீர், அடடா! நாள் தவறாமல் எஞ்சிய குளோரின் 0.2. அடைமழையிலும் 0.2. டிரான்ஸ்பார்மர் வெடித்து, மோட்டார் ஓடாமல், தொட்டி காய்ந்து கிடந்த நாட்களிலும் 0.2. பிப்ரவரிக்கு 30 நாள் போட்டிருந்தது. முப்பதாம் தேதியும் 0.2. ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதினால்தான் அப்படி ஒரு ஒழுங்கு வரும்.

எங்கள் குழாயில் வருவது இந்தத் தண்ணீர் அல்ல என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அதனால்தான் இந்த விண்ணப்பம்.

0.2 என்பது சும்மா ஓர் எண் அல்ல என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொட்டியில் போட்ட குளோரின், போகிற வழியிலெல்லாம் அழுக்கையும் கிருமியையும் சந்தித்துச் செலவாகிக்கொண்டே போகும். எல்லாம் போக, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசி வீட்டில் மிஞ்சியிருந்தால்தான் வழியில் ஏதும் புகுந்தாலும் சமாளிக்க ஆள் இருக்கிறது என்று பொருள். ஆகவே அதைத் தொட்டியடியில் அளந்தால் போதாது, கடைசிக் குழாயில் அளக்க வேண்டும். கடைசிக் குழாய் என்னுடையது. சின்னக் கண்ணாடிக் குழலும் மருந்துச் சொட்டுமாக யாரும் என் வாசலில் நின்று நான் பார்த்ததில்லை. என் உறக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று நடுராத்திரியில் வந்து போயிருப்பார்கள் போலும். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

பிளீச்சிங் பவுடர் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது சுகாதாரத் துறை சொல்கிற கணக்கு. நம் தொட்டி 30,000 லிட்டர்; ஆக 120 கிராம். வீட்டில் ஒரு வேளைக்கு உலையில் போடுகிற அரிசி அளவுகூட இல்லை. அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் 120 கிராமை நிறுக்கத் தராசு வேண்டுமே! அது வாங்கித் தரப்படவில்லை. மோட்டார் ரூமில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் குளோரின் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியாது. புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அது பறந்துபோய் வெறும் சுண்ணாம்பு நிற்கும். அதைத் தொட்டியில் கொட்டினால் தொட்டிக்கு வெள்ளையடித்த புண்ணியம் கிடைக்கும்.

தொட்டி ஆபரேட்டர் அண்ணன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இதை வைத்து அவருக்கு மெமோ கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, தெருவிளக்கு மாற்றுவது, அமைச்சர் வந்தால் கொடி கட்டுவது எல்லாம் அவர்தான். கண்ணளவில் அள்ளிப் போடுகிறார். ஒரு நாள் கை கூடிவிட்டால் காபியில் மருந்து வாடை என்று தெருவே சண்டைக்குப் போகிறது (நானும் போயிருக்கிறேன்). அவர் அடுத்த நான்கு நாள் பவுடர் பக்கமே போவதில்லை. அந்த நான்கு நாளும் ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கிருமிக்கு வாடை கிடையாது, பாருங்கள்.

இனி, தொட்டியிலிருந்து தண்ணீர் என் வீட்டுக்கு வரும் யாத்திரை. பைப் லைன் எங்கள் தெருவில் சாக்கடைக்கு மேலே கொஞ்சம், உள்ளே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாறி மாறிப் போகிறது. கேட்வால்வு குழியில் எப்போதும் கறுப்புத் தண்ணீர் முட்டி நிற்கிறது. அதற்குள் கை விட்டுத்தான் அண்ணன் வால்வைத் திருப்புகிறார். லைனில் தண்ணீர் வேகமாக ஓடும்போது ஓட்டை வழியே உள்ளிருப்பது வெளியே கசியும். அதில் தண்ணீர்தான் வீண். வால்வை மூடியதும் கதை மாறுகிறது. குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, அதே ஓட்டை வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. போதாக்குறைக்கு, வசதியான நாலு வீட்டில் மோட்டாரை நேராக லைனில் மாட்டி உறிஞ்சுகிறார்கள். அவர்கள் தொட்டித் தண்ணீரை மட்டுமா உறிஞ்சுகிறார்கள்? வழியில் கிடக்கும் சாக்கடையையும் சேர்த்துத்தான் ஊருக்குப் பொதுவாக இழுத்துத் தருகிறார்கள். ஆகவே முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில், திறந்ததும் வருகிற முதல் குடம்தான் மிக மோசமான குடம். எங்கள் தெருவில் முதல் குடத்துக்குத்தான் அடிதடி.

தொட்டியை மாதம் இரு முறை கழுவ வேண்டும், கழுவிய தேதியை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. பார்வை 2-இல் கண்ட தேதி அழகான நீலப் பெயின்டில் இருக்கிறது. மாதத்தையும் ஆண்டையும் வெயில் தின்றுவிட்டது. ‘5’ மட்டும் பளிச்சென்று நிற்கிறது. எந்த மாதம் ஐந்தாம் தேதி வந்தாலும் அன்றைக்குக் கழுவியதாகக் கொள்ளலாம்.

குறை சொன்னால் நீங்கள் தரும் பதில் எனக்கு மனப்பாடம்: ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.’ நல்ல யோசனைதான். கிருமி சாகும். சிலிண்டர் செலவு ஊராட்சிக் கணக்கிலிருந்து என் கணக்குக்கு மாறும். உப்பும் ஃபுளோரைடும் மட்டும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள். போர்த் தண்ணீரின் ஃபுளோரைடு பல்லில் பழுப்பாக ஏறி, எலும்பில் போய் உட்கார்ந்து, ஆட்களை வளைத்திருக்கிறது. ஜப்பானில் கடன் வாங்கி ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் கொண்டுவந்து, 2013-இல் திட்டத்தைத் திறந்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே அந்த நோயும் இருந்தது.

தில்லியில் போட்ட குடிநீர்த் தர அட்டவணையில், ஐ.எஸ். 10500 என்று பெயர், பலவற்றுக்கு இரண்டு பத்தி உண்டு. ஒன்று ஏற்கத்தக்க அளவு. மற்றது, வேறு தண்ணீருக்கு வழியில்லாதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவு. கரைந்த உப்பு முதல் பத்தியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம், இரண்டாவதில் 2,000. கடினத்தன்மை 200, இரண்டாவதில் 600. வேறு வழியில்லை என்றால் சிறுநீரகம் கொஞ்சம் அனுசரித்துப் போகும் என்ற நம்பிக்கை போல. நாங்கள் பரம்பரையாக இரண்டாம் பத்தியில் குடியிருப்பவர்கள். அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் மலக்கிருமிக்கு அங்கே இரண்டாம் பத்தி கிடையாது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஏழைக்கும் சரி, பணக்காரனுக்கும் சரி. அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் சோதிப்பதில்லை.

சோதிக்க வழியில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, களப் பரிசோதனைப் பெட்டியும் கொடுக்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தில் உள்ளது. எங்கள் ஊரிலும் ஐந்து பேர் பயிற்சிக்குப் போனார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பெட்டி பீரோவில். சாவி மாற்றலில் போன செயலரிடம். மருந்துகளின் காலாவதித் தேதி நம் தொட்டித் தேதியைப்போல அழியாமல், தெளிவாகவே இருக்கும் என்று நம்புகிறேன். பெட்டி வேண்டாம் என்றாலும், கறுக்கிற பாட்டில் இருக்கிறது. மலக்கிருமி இருக்க வாய்ப்புள்ள தண்ணீரை ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துப்போகும். 1982-இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் மூவர் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய முறை அது. ஆய்வகம் வேண்டாம், கரன்ட் வேண்டாம், எழுதப் படிக்கக்கூட வேண்டாம். கறுப்பு தெரிந்தால் போதும்.

அப்படி ஒரு பாட்டில் இல்லாத இடத்தில் சோதனையைச் செய்வது யார்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலினக் குடியிருப்பின் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, குடியிருப்புக்காரர்களே தொட்டியில் ஏறி எட்டிப் பார்த்தார்கள், மலம் மிதந்தது. இதில் எனக்குப் பகடி வரவில்லை, மன்னிக்கவும். அது குற்றம், அலட்சியத்தோடு அதை ஒரே கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் ஒரு தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகளின் வயிறுதான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தெருவிலும் இன்றுவரை அதுதான் ஆய்வகம்.

உங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு நேர்மையான ஆய்வறிக்கை இருக்கிறது: மூலையில் ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்த 20 லிட்டர் கேன். நம் தொட்டித் தண்ணீர் பற்றி நிர்வாகம் உள்ளபடி என்ன நினைக்கிறது என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

எனவே, தாங்கள் கருணைகூர்ந்து, பதிவேட்டில் நாள்தோறும் ஓடும் அந்த 0.2 தண்ணீரிலிருந்து எங்கள் தெருவுக்கு அரை அங்குல இணைப்பு ஒன்று வழங்குமாறு வேண்டுகிறேன். தலைக்கு 55 லிட்டர் தருவதாக ஜல் ஜீவன் திட்டம் சொல்கிறது. குடிக்கவும் சமைக்கவும் கொஞ்சம் கிடைத்தாலே போதும், மற்றதற்குப் பழைய குழாய் இருக்கிறது. தொழில்நுட்பக் காரணங்களால் நோட்டிலிருந்து பைப் இழுக்க இயலாது என்றால், மாற்று ஏற்பாடாகத் தராசு ஒன்று, மூடி போட்ட டிரம் ஒன்று, பீரோ சாவி, வால்வு குழியை இறைக்க ஓர் ஆள், இவற்றைப் பரிசீலிக்கலாம். குழாய்க்குக் கீழே சாக்கடை போவதைத் திருப்ப நிதி வேண்டும். அதற்குத் தீர்மானம் போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. நேராக மாட்டிய மோட்டார்களைக் கழற்ற நிதி வேண்டாம், தைரியம் போதும். அதில் ஒன்று உறுப்பினர் வீட்டு மோட்டார் என்பதால் இது நீண்டகாலத் திட்டமாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைசிக் குழாய்.

இணைப்பு: குடிநீர்க் கட்டண ரசீது நகல் – 1. எங்கள் தெருக் குழாயின் முதல் குடத்திலிருந்து எடுத்த தண்ணீர், ஒரு லிட்டர், மூடி முத்திரையிட்டது – 1. இரண்டாவதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அலுவலகத்தில் கேன் தீர்ந்த அன்று பயன்படுத்திக்கொள்ளலாம்.